லிங்க் பில்டிங் வேலையை நிர்வகிக்க எந்த டூல் எடுப்பது?

பீளமேட்டுக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் மூன்று பேர் சேர்ந்து சின்னதாக ஒரு எஸ்.இ.ஓ. (கூகுள் தேடலில் தளங்களை மேலே கொண்டுவரும் வேலை) நிறுவனம் நடத்துகிறோம். இப்போதைக்கு முக்கியமான வாடிக்கையாளர்கள் மூவர்: ஒரு பம்ப் மோட்டார் தயாரிப்பாளர், திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம், நகருக்குள் ஒரு பல் மருத்துவமனை. தளத்துக்குள்ளேயே செய்யும் ஆன்பேஜ், டெக்னிக்கல் வேலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. லிங்க் பில்டிங், அதாவது பிற தளங்களிலிருந்து வாடிக்கையாளர் தளத்துக்கு லிங்க் பெறும் வேலைதான் இழுபறி.

எல்லாம் ஒரே கூகுள் ஷீட்டில் இருக்கிறது. யாருக்கு மடல் போனது, யார் பதில் போட்டார், எந்த லிங்க் வந்தது, வந்த லிங்க் இன்னும் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தால் அரை நாள் போய்விடும். ஒரே தொழில் பத்திரிகை ஆசிரியருக்கு நான் பம்ப் கம்பெனிக்காகவும் என் கூட்டாளி பனியன் கம்பெனிக்காகவும் அடுத்தடுத்து எழுதும் நிலைமை. பஸ்ஸ்ட்ரீம், பிட்ச்பாக்ஸ், செம்ரஷ்ஷுக்குள் இருக்கும் லிங்க் பில்டிங் டூல், லிங்க் அசிஸ்டன்ட் என்று பெயர்கள் கண்ணில் படுகின்றன. ஒப்பீட்டுக் கட்டுரைகளைப் படித்தால் பாதிக்கு மேல் அஃபிலியேட் கமிஷனுக்காக எழுதியவை போலத் தெரிகிறது. மாதம் பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிய வேண்டும். நிஜமாகவே பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

---

ரேங்க்_ராஜா

ஏஹ்ரெஃப்ஸ் வாங்குங்க ப்ரோ. வேற யோசனையே வேண்டாம்.

---

பழங்கால_வெப்மாஸ்டர்

ராஜா தம்பி, அவர் கேட்டது நிர்வாகம். ஏஹ்ரெஃப்ஸின் பலம் அதில் இல்லை. யார் யாருக்கு லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று காட்டுவதில்தான் அதன் பலம். நேற்று அந்த ஆசிரியரிடம் உங்கள் கூட்டாளி என்ன பேசினார் என்பதை அதில் தேட முடியாது.

பீளமேட்டுக்காரரே, குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், வேறு வேறு வேலை செய்யும் மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் ‘லிங்க் பில்டிங் டூல்’ என்று ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். ஏஹ்ரெஃப்ஸ், செம்ரஷ், மெஜஸ்டிக், மோஸ் எல்லாம் வலையைச் சுற்றிவந்து லிங்க்குகளைச் சேகரித்து வைத்திருக்கும் இன்டெக்ஸ்கள். ஹன்டர் போன்றவை மின்னஞ்சல் முகவரியைக் கண்டுபிடிக்க. பஸ்ஸ்ட்ரீம், பிட்ச்பாக்ஸ் இரண்டும் மடல் எழுதி, பதிலைப் பின்தொடர்ந்து, யாரிடம் என்ன பேசினோம் என்று நினைவில் வைக்க. லிங்கோடி மாதிரியானவை வந்த லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க. செம்ரஷ் இந்த எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிறது. நீங்கள் சொல்லும் வலி மூன்றாவது வகையில் இருக்கிறது. ராஜா சொல்லும் மருந்து முதல் வகை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வயசானவன் புலம்பல் என்று நினைத்தாலும் சரி. 2012க்கு முன்னால் லிங்க் பில்டிங் மென்பொருள் என்றாலே எக்ஸ்ரூமர், எஸ்.இ.நியூக், ஸ்க்ரேப்பாக்ஸ்தான். பொத்தானை அழுத்தினால் ஃபோரம், வலைப்பதிவுக் கருத்துப் பெட்டி எல்லாவற்றிலும் தானாகப் போய் ஒட்டும். 2012 ஏப்ரல் 24 அன்று கூகுள் பெங்குயினை, அதாவது ஸ்பேம் லிங்க்குகளைப் பிடிக்கும் அல்காரிதத்தை, இறக்கியது. அந்த மென்பொருள்களை நம்பி நடந்த கடைகள் பல அதோடு சரி. அதனால் ஒரு டூல் ‘இத்தனை லிங்க் தானாகக் கிடைக்கும்’ என்று சொன்னால் அந்தப் பக்கத்தை அங்கேயே மூடிவிடுங்கள்.

---

அவுட்ரீச்_அக்கா

பழங்காலம் அண்ணா பிரித்துச் சொன்னது சரி. நான் சென்னையில் ஓர் ஏஜென்சியில் அவுட்ரீச் (லிங்க் கேட்டு மடல் எழுதும்) குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களுக்கு பஸ்ஸ்ட்ரீம் வகை சி.ஆர்.எம். (தொடர்புகளையும் பேச்சையும் சேர்த்துவைக்கும் மென்பொருள்) இல்லாமல் ஓடாது.

காரணம் ஒன்றுதான்: இந்த வேலையில் நீங்கள் சேர்க்கும் சொத்து லிங்க் இல்லை, ஆள். ஓர் ஆசிரியரோ வலைப்பதிவரோ ஒரு முறை பதில் போட்டுவிட்டால் அடுத்த வருடமும் அவரிடம் போகலாம். ஷீட்டில் ஒரு வரிசை என்பது ஓர் இணையதளம். சி.ஆர்.எம்.மில் ஒரு வரிசை என்பது ஒரு மனிதர். அவர் பத்திரிகை மாறினாலும் அவரோடு நடந்த மடல் எல்லாம் கூடவே வரும். உங்கள் கூட்டாளி ஏற்கெனவே அவருக்கு எழுதியிருந்தால் நீங்கள் எழுதும் முன்பே அந்த வரலாறு கண்ணில் படும். உங்கள் ஜிமெயில் கணக்கிலிருந்தே மடல் போகும், பதிலும் உரிய இடத்தில் போய் உட்காரும்.

பிட்ச்பாக்ஸ் இன்னும் பெரியது, ஒரே நேரத்தில் நிறைய கேம்பெயின் ஓட்டும் இடங்களுக்கு. மூன்று பேருக்கு அது வேண்டாம். லிங்க் அசிஸ்டன்ட் கணினியில் நிறுவிப் பயன்படுத்துவது. தனியாள் என்றால் சரி, ஆனால் மூன்று பேர் ஒரே புராஜெக்டைத் திறந்து வேலை செய்ய வேண்டும் என்றால் இடிக்கும்.

எந்த டூல் எடுத்தாலும் முதலில் மின்னஞ்சல் டொமைனைச் சரி பண்ணுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் அனுப்புகிறவர்களுக்கு விதிகளை இறுக்கிவிட்டன. மடல் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று உறுதிசெய்யும் அமைப்புகளில் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். எல்லோருக்கும் கட்டாயம், ஒரு நாளைக்கு 5,000க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், டிமார்க்கும் வேண்டும். நீங்கள் அந்த அளவுக்கு அனுப்பப்போவதில்லை, இருந்தாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள். ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறார்கள். ஆயிரம் மடலில் மூன்று பேர் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்தினாலே அந்த எல்லை வந்துவிடும். டூல் எவ்வளவு அழகாகத் தானியங்கி ஃபாலோ-அப் அனுப்பினாலும் இந்தக் கணக்கு மாறாது.

---

லிங்க்_மொத்தவிலை

டி.ஏ. 50+, டி.ஆர். 60+ கெஸ்ட் போஸ்ட், டூ-ஃபாலோ, நிரந்தரம். டூல் செலவே இல்லை. பட்டியல் வேண்டுமென்றால் தனிமடலில்

[விலையும் தொடர்பு எண்ணும் நீக்கப்பட்டன. இங்கே லிங்க் விற்க அனுமதி இல்லை. – நெறியாளர்]

---

ரேங்க்_ராஜா

இதுல என்ன தப்பு? எல்லாரும்தானே வாங்குறாங்க.

---

பழங்கால_வெப்மாஸ்டர்

வாங்குகிறார்கள். கூகுளின் ஸ்பேம் விதிகளில் ரேங்குக்காகப் பணம் கொடுத்து லிங்க் வாங்குவது நேரடியாகவே தடை. பணம் கைமாறினால் ‘ஸ்பான்சர்டு’ அல்லது ‘நோஃபாலோ’ குறி போட வேண்டும், அதாவது இந்த லிங்க்கை ரேங்குக்கு எண்ண வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் குறி. நோஃபாலோ 2005இலேயே வந்தது, ஸ்பான்சர்டு, யு.ஜி.சி. (பயனர்கள் எழுதியதற்கான குறி) இரண்டும் 2019இல் சேர்ந்தன.

பெரிய கம்பெனி, நம்மை எதுவும் செய்ய மாட்டார்கள் என்ற நினைப்பும் வேண்டாம். பிரிட்டனில் பூக்கள் விற்கும் இன்டர்ஃப்ளோராவை 2013 பிப்ரவரியில், பத்திரிகைகளில் போட்ட விளம்பரக் கட்டுரைகளின் லிங்க்குகளுக்காகக் கூகுள் கீழே தள்ளியது. கம்பெனியின் சொந்தப் பெயரைத் தேடினால்கூட முதலில் வரவில்லை. சுமார் 11 நாளில் திரும்பி வந்தார்கள், ஏனென்றால் அவர்களிடம் லிங்க்கை எடுக்கச் சொல்லிப் பேச ஆளும் பணமும் இருந்தன. பீளமேட்டுக்காரரின் பம்ப் கம்பெனிக்கு அது மாட்டிக்கொண்டால் யார் உட்கார்ந்து ஒவ்வொரு தளத்துக்கும் எழுதுவது?

---

தரவுப்பித்தன்

அந்த ‘டி.ஏ. 50+’ பற்றி. டூல் தேர்வில் பலர் சறுக்குவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

இவையெல்லாம் ஒரு தளத்தின் லிங்க் வலிமையைக் கணிக்கும் மதிப்பெண்கள். டி.ஏ. மோஸின் எண். டி.ஆர். ஏஹ்ரெஃப்ஸின் எண். ட்ரஸ்ட் ஃப்ளோ, சைட்டேஷன் ஃப்ளோ இரண்டும் மெஜஸ்டிக்கின் எண்கள். அத்தாரிட்டி ஸ்கோர் செம்ரஷ்ஷின் எண். கூகுளின் எண் இதில் ஒன்றுகூட இல்லை. கூகுள் தன் டூல்பாரில் காட்டிக்கொண்டிருந்த பேஜ்ரேங்க் எண்ணையும் 2016இல் எடுத்துவிட்டது. அதன்பிறகு அந்த இடத்தை இந்த எண்கள் பிடித்துக்கொண்டன.

ஒவ்வொன்றும் வேறு விதமாகக் கணக்குப் போடுகிறது. டி.ஆர். ஒரு தளத்துக்கு எத்தனை வேறு டொமைன்கள் லிங்க் கொடுக்கின்றன, அந்த டொமைன்களின் டி.ஆர். என்ன, அவை வேறு எத்தனை பேருக்கு லிங்க் கொடுக்கின்றன என்று பார்க்கும். அந்தத் தளத்தை யாராவது படிக்கிறார்களா, துறை பொருந்துகிறதா என்பது அந்தக் கணக்கில் வராது. மெஜஸ்டிக், மனிதர்கள் பார்த்து நம்பகமானவை என்று தேர்ந்தெடுத்த தளங்களிலிருந்து தொடங்கி, அங்கிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று அளக்கப் பார்க்கும். அதனால் ஒரே தளத்துக்கு டி.ஆர். 60ஆகவும் ட்ரஸ்ட் ஃப்ளோ 8ஆகவும் இருந்தால் எனக்கு அங்கே ஏதோ வாசனை அடிக்கும். வாசலில் நிற்கும் காரைப் பார்த்துச் சம்பந்தம் பேசுகிற மாதிரிதான் டி.ஆர். மட்டும் பார்த்து லிங்க் வாங்குவது. கார் வாடகைக்கும் கிடைக்கும்.

எல்லா இன்டெக்ஸிலும் ஓட்டை உண்டு. பல ஹோஸ்டிங் நிறுவனங்களும் தள உரிமையாளர்களும் ஏஹ்ரெஃப்ஸ்பாட், செம்ரஷ்பாட் வகையறாவைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தளத்தில் உங்களுக்கு லிங்க் இருந்தாலும் டூலில் வராது. எனவே முதலில் கூகுள் சர்ச் கன்சோலின் லிங்க்ஸ் அறிக்கை. அதுவும் மாதிரிதான், முழுப் பட்டியல் இல்லை. ஆனால் காசு இல்லை, கூகுளிடமிருந்தே வருகிறது. பிங் வெப்மாஸ்டர் டூல்ஸிலும் பேக்லிங்க் பகுதி இருக்கிறது, போட்டியாளர் தளத்தோடு ஒப்பிடவும் விடும். ஏன் யாருமே அதைத் திறப்பதில்லை என்று புரியவில்லை. ஏஹ்ரெஃப்ஸ் வெப்மாஸ்டர் டூல்ஸ், உங்களுக்கு உரிமை உள்ள தளங்களுக்கு இலவசம். இந்த மூன்றையும் இணைத்தால் சொந்தத் தளத்தைப் பொறுத்தவரை பத்துப் பைசா செலவில்லாமல் நல்ல படம் கிடைத்துவிடும். பணம் கொடுக்க வேண்டியது போட்டியாளரைப் பார்க்க மட்டும்.

தமிழ்த் தளங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. எந்த டூலிலிருந்து சி.எஸ்.வி. இறக்கினாலும் நேராக எக்செலில் இரட்டைச் சொடுக்கு போடாதீர்கள்; தமிழ் ஆங்கர் டெக்ஸ்ட் (லிங்க் போடப்பட்ட சொற்கள்) எல்லாம் கொக்கிகளும் கோடுகளுமாக மாறிவிடக்கூடும். டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்து யு.டி.எஃப்-8 தேர்ந்தெடுக்க வேண்டும். கூகுள் ஷீட்டில் இந்தத் தொல்லை இல்லை. புள்ளி இந்தியா, புள்ளி இலங்கை, புள்ளி சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடியும் டொமைன்கள் பல டூல்களில் எக்ஸ்.என். என்று தொடங்கும் குழப்பமான எழுத்துகளாகத் தெரியும். ஸ்பேம் என்று நினைத்து அழித்துவிட வேண்டாம்.

---

பீளமேட்டுக்காரன்

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. ஒரு நடைமுறைச் சிக்கல். பம்ப் கம்பெனியின் மார்க்கெட்டிங் மேனேஜர் ஒப்பந்தத்திலேயே ‘மாதம் 20 லிங்க், டி.ஆர். 40க்கு மேல்’ என்று போடச் சொல்கிறார். முன்பு இருந்த ஏஜென்சி அப்படித்தான் ரிப்போர்ட் கொடுத்ததாம். டூல் எடுத்தால் அந்த ரிப்போர்ட் தானாக வரும் என்று நினைத்தேன்.

---

பழங்கால_வெப்மாஸ்டர்

அப்படியானால் உங்கள் கேள்வி டூலைப் பற்றியதே இல்லை, அந்த வரியைப் பற்றியது. ரிப்போர்ட்டில் என்ன பத்தி இருக்கப்போகிறதோ அதுதான் எந்த டூல் என்று முடிவு செய்யும். ‘20 லிங்க், டி.ஆர். 40’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், மூன்றாவது மாதம் 18ஆம் தேதி கையில் ஏழு லிங்க் இருக்கும்போது மேலே அந்த மொத்தவிலைக்காரரின் தனிமடல் எண்ணைத்தான் தேடுவீர்கள். எவ்வளவு நல்ல சி.ஆர்.எம். வைத்திருந்தாலும் அது வாங்கிய லிங்க்கைக் குறித்துவைக்கும் நோட்டாக மாறிவிடும்.

கூகுளின் கேரி இல்லீஸ் 2023இல் ஒரு மாநாட்டில், ரேங்க்கில் முதல் மூன்று காரணிகளுக்குள் லிங்க் இருப்பதாகத் தான் நினைக்கவில்லை என்று சொன்னார். அவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், அவர்களுக்கும் ஒரு நோக்கம் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கையைப் பிடித்துத் தொங்கும் மேனேஜரிடம் பேச அது ஒரு நல்ல தொடக்கம்.

அவரிடம் வேறு பத்திகளைக் காட்டுங்கள். எந்தப் பக்கத்துக்கு லிங்க் வந்தது, கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார், அந்தப் பக்கத்திலிருந்து ஆள் வருகிறாரா. ‘எதற்காகக் கொடுத்தார்’ என்ற பத்தியை எந்த டூலும் தராது, நீங்களே எழுத வேண்டும். டீலர் என்பதால், விவரம் கேட்டு நாம் கொடுத்ததால், பணம் கொடுத்ததால், பதிலுக்கு நாமும் கொடுத்ததால் என்று உள்ளதை உள்ளபடி. ஒரு வருடம் கழித்து ஏதாவது கேள்வி வந்தால் காப்பாற்றப் போவது அந்தப் பத்திதான்.

அப்புறம், பம்ப் கம்பெனிக்கு முதல் இரண்டு மாதம் அவுட்ரீச்சே தேவைப்படாது என்று நினைக்கிறேன். பழைய தயாரிப்பாளர் என்றால் தளத்தை இரண்டு மூன்று முறையாவது புதுப்பித்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் பழைய பக்கங்கள், கேட்டலாக் பி.டி.எஃப்.கள் எல்லாம் காணாமல் போயிருக்கும். ஊர் ஊராக இருக்கும் டீலர்களும் பாசனம் பற்றி எழுதியவர்களும் அந்தப் பழைய முகவரிகளுக்கு இன்னும் லிங்க் வைத்திருப்பார்கள். ஏஹ்ரெஃப்ஸில் ‘பெஸ்ட் பை லிங்க்ஸ்’ அறிக்கையில் 404 (பக்கம் இல்லை என்ற பிழை) மட்டும் வடிகட்டிப் பாருங்கள். வரும் பக்கங்களைப் பொருத்தமான புதிய பக்கங்களுக்கு 301 (நிரந்தரமாகத் திருப்பிவிடும் ரீடைரக்ட்) போட்டுவிடுங்கள். யாருக்கும் மடல் எழுதாமல், யாரையும் கெஞ்சாமல் கிடைக்கிற லிங்க் அது. எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடாதீர்கள், கூகுள் அதைப் பெரும்பாலும் ‘சாஃப்ட் 404’, அதாவது பக்கம் இல்லாததற்குச் சமம் என்றே எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது டீலர் பட்டியல். கம்பெனியின் விற்பனைப் பிரிவில் எக்செலாக இருக்கும். எத்தனை டீலருக்குத் தளம் இருக்கிறது, எத்தனை பேர் பிராண்டு பெயரை மட்டும் எழுதி லிங்க் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கொடிசியா, சீமா மாதிரி தொழில் சங்கங்களில் உறுப்பினராக இருந்தால் அங்கேயும் கேட்டுப் பாருங்கள். கண்காட்சியில் ஸ்டால் போட்டிருந்தால் பங்கேற்பாளர் பட்டியலையும் பாருங்கள். இதற்கெல்லாம் தேவைப்படும் மென்பொருள் தொலைபேசி.

---

அவுட்ரீச்_அக்கா

அண்ணா சொல்வது எல்லாம் சரி, ஆனால் அந்த ஊற்று வற்றிவிடும். டீலர், சங்கம், 404 எல்லாம் ஒரு முறை அறுவடை. அதன்பிறகு யாருக்காவது எழுதித்தான் ஆக வேண்டும். அப்போது பழைய பேச்சு எல்லாம் மூன்று பேருடைய ஜிமெயிலில் சிதறிக் கிடந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் சி.ஆர்.எம்.மைத் தள்ளிப்போடச் சொல்லாதீர்கள், டீலர் வேலையிலிருந்தே அதில் எழுதச் சொல்லுங்கள். ஆள் வேலையை விட்டுப் போனாலும் வரலாறு நிறுவனத்தில் இருக்கும். எங்கள் தொழிலில் ஆள் எவ்வளவு வேகமாக மாறுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

---

பழங்கால_வெப்மாஸ்டர்

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மாதம் டாலரில் கட்டும் சி.ஆர்.எம். வேண்டுமா என்பதில்தான் எனக்கு இன்னும் சந்தேகம்.

---

கணக்கு_வழக்கு

டாலர் என்ற சொல் வந்ததால் உள்ளே வருகிறேன். நான் எஸ்.இ.ஓ. ஆள் இல்லை, இப்படிப்பட்ட இரண்டு மூன்று நிறுவனங்களுக்குக் கணக்கு பார்க்கிறேன்.

விலைப்பக்கத்தில் தெரியும் டாலர் தொகை கடைசித் தொகை இல்லை. வெளிநாட்டு மென்பொருளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. பதிவு செய்யாதவர் என்றால் அவர்களே பில்லில் சேர்ப்பார்கள். பதிவு செய்தவர் என்றால் ரிவர்ஸ் சார்ஜில் நீங்கள் கட்டி, தகுதி இருந்தால் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. பெரிய இன்டெக்ஸ் டூல்களின் வழக்கமான திட்டங்கள் நூறு டாலரைத் தாண்டும், ஆக பத்தாயிரத்துக்குள் முழு மாதாந்திரத் திட்டம் என்பது கஷ்டம்.

அடுத்தது தானாகப் புதுப்பித்தல். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் தொடர் கட்டணத்துக்கு முன் அனுமதி வேண்டும். முதலில் 5,000 ரூபாய் வரை ஓ.டி.பி. இல்லாமல் போகும் என்றிருந்தது, 2022இல் அதை 15,000 ஆக்கினார்கள். அதைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. இந்த ஏற்பாட்டுக்குள் வராத வெளிநாட்டு நிறுவனம் என்றால் கட்டணமே நிராகரிக்கப்படலாம். கணக்கு முடங்கினால் உள்ளே இருக்கும் தகவலுக்கு என்ன ஆகும் என்று வாங்கும் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு டூலில் அப்படி நின்றுபோய், தொடர்புப் பட்டியலை இறக்கிக்கொள்ளவே பழைய பாக்கியோடு புதிய மாதமும் கட்ட வேண்டி வந்தது. ஆண்டுத் திட்டத்தில் தள்ளுபடி கிடைக்கும், ஆனால் பணம் திரும்பாது. முதல் மூன்று மாதம் மாதக் கட்டணமே போதும்.

---

தரவுப்பித்தன்

தகவல் மாட்டிக்கொள்வது பற்றி ஒரு வார்த்தை. யாகூ சைட் எக்ஸ்ப்ளோரரை நம்பி வேலை செய்தோம், 2011 நவம்பரில் மூடினார்கள். மோஸின் ஓப்பன் சைட் எக்ஸ்ப்ளோரர் போய் 2018இல் லிங்க் எக்ஸ்ப்ளோரர் வந்தது. நிருபர்களுக்குப் பதில் சொல்லி லிங்க் வாங்கும் ஹாரோ, கனெக்டிவ்லி என்று பெயர் மாறி 2024 டிசம்பரில் மூடப்பட்டது; 2025இல் வேறு கைக்குப் போய்ப் பழைய பெயரிலேயே மறுபடி வந்திருக்கிறது. எந்த டூல் என்று ஒப்பிடும்போது நான் முதலில் திறப்பது ‘எக்ஸ்போர்ட்’ பொத்தானைத்தான். மடல் வரலாறு உட்பட எல்லாவற்றையும் வெளியே எடுக்க விடுகிறதா, அல்லது பெயரும் மின்னஞ்சலும் மட்டுமா? இலவசச் சோதனைக் காலத்திலேயே பத்துப் பதினைந்து போலித் தொடர்புகளைப் போட்டு, மடல் அனுப்பி, இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

---

புதுசு_2

மன்னிக்கணும், ஒரு சின்ன சந்தேகம். நான் ஃப்ரீலான்சர். ஒரு டூலில் என் க்ளையன்ட் தளத்துக்கு ‘டாக்சிக்’ லிங்க் என்று சிவப்பாக நூற்றுக்கணக்கில் காட்டுகிறது. எல்லாவற்றையும் டிஸ்அவ்வோ (இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்வது) பண்ணிவிடலாமா? பயமாக இருக்கிறது.

---

பழங்கால_வெப்மாஸ்டர்

வேண்டாம். அந்தச் சிவப்பு அந்த டூலின் கணிப்பு, கூகுளின் தீர்ப்பு இல்லை. சர்ச் கன்சோலில் ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ பகுதியைத் திறந்து பாருங்கள், கூகுள் நேரடியாக விதித்த தண்டனை இருந்தால் அங்கே தெரியும். அங்கே எதுவும் இல்லை, நீங்களோ முந்தைய ஆளோ லிங்க் வாங்கவும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். 2016இல் பெங்குயின் 4.0 வந்த பிறகு மோசமான லிங்க்குகளைக் கூகுள் பெரும்பாலும் மதிப்பில்லாமல் ஒதுக்கிவிடுகிறது. டாக்சிக் லிங்க் என்ற கருத்தே டூல் நிறுவனங்கள் கிளப்பியது என்ற பொருளில் கூகுளின் ஜான் முல்லர் பல முறை பேசியிருக்கிறார். பிங் 2023இல் டிஸ்அவ்வோ வசதியையே எடுத்துவிட்டது. கை பரபரத்து நல்ல லிங்க்கையும் சேர்த்து அழித்தால்தான் நஷ்டம்.

---

புதுசு_2

நன்றி சார். நிம்மதி.

---

ரேங்க்_ராஜா

சரி, டாலர் இல்லாத சி.ஆர்.எம். வேணும்னா நம்ம ஊர் ஸோஹோ இருக்கே? அதோட சின்ன சி.ஆர்.எம். பிகின் எடுத்தா போச்சு. மெயிலுக்கு ஸோஹோ கேம்பெயின்ஸ்.

---

அவுட்ரீச்_அக்கா

பாதி சரி ராஜா. பிகினில் பைப்லைன் இருக்கிறது. ‘கண்டுபிடித்தது, எழுதியது, பேச்சு நடக்கிறது, லிங்க் வந்தது, போய்விட்டது’ என்று கட்டங்களை நாமே வைத்துக்கொள்ளலாம். ரூபாயில் பில் வரும், தொடர்பு என்றால் மனிதர்தான், மூன்று பேருக்குத் தாராளம். லிங்க் கண்காணிப்பு மட்டும் இல்லை.

கேம்பெயின்ஸ் மட்டும் இதற்கு வேண்டாம். அது சம்மதம் கொடுத்துச் சேர்ந்தவர்களுக்குச் செய்திமடல் அனுப்ப. முன்பின் தெரியாத ஆசிரியர் பட்டியலை ஏற்றினால் கணக்கை நிறுத்திவிடுவார்கள், நிறுத்துவதும் நியாயம். அவுட்ரீச் மடல் ஒவ்வொன்றாக, உங்கள் பெயரில், சாதாரண அஞ்சல் பெட்டியிலிருந்து போக வேண்டும். ஏ.ஐ. எழுதிக் கொடுக்கும் மடல் பற்றி யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்: ‘உங்கள் அருமையான கட்டுரையைப் படித்து வியந்தேன்’ என்று தொடங்கும் மடலை ஆசிரியர்கள் இப்போது திறக்காமலே அழிக்கிறார்கள்.

---

தரவுப்பித்தன்

கண்காணிப்புக்கு இரண்டு வழி. லிங்க் குறைவாக இருந்தால் கூகுள் ஷீட்டில் இம்போர்ட்எக்ஸ்எம்எல் சூத்திரம்: லிங்க் இருக்கும் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, அதில் நம் டொமைன் இருக்கும் லிங்க்கின் ‘ரெல்’ (நோஃபாலோ போன்ற குறி இருக்கும் இடம்) மதிப்பைக் கேளுங்கள். எடுத்துவிட்டார்களா, சத்தமில்லாமல் நோஃபாலோ ஆக்கிவிட்டார்களா என்று தெரியும். ஜாவாஸ்கிரிப்ட்டில் உருவாகும் பக்கங்களை அது படிக்காது, வரிசை கூடினால் திணறும். அடுத்தது ஸ்க்ரீமிங் ஃப்ராக்: லிஸ்ட் மோடில் முகவரிகளை ஏற்றி, கஸ்டம் சர்ச்சில் நம் டொமைனைக் கொடுத்தால் எதில் இல்லை என்று சொல்லிவிடும். இலவசப் பதிப்பில் 500 முகவரி வரைதான், கஸ்டம் சர்ச்சுக்கு ஆண்டு உரிமம் வேண்டும். டெக்னிக்கல் வேலைக்கு ஏற்கெனவே வைத்திருப்பீர்கள்.

---

பீளமேட்டுக்காரன்

வைத்திருக்கிறோம். இதற்கு ஓட்டலாம் என்று தோன்றவே இல்லை.

கூட்டாளிகளோடு பேசி இப்படி முடிவு செய்திருக்கிறோம். தொடர்புகளும் பேச்சும் பிகினில். மூன்று தளங்களுக்கும் சர்ச் கன்சோல், பிங், ஏஹ்ரெஃப்ஸ் வெப்மாஸ்டர் டூல்ஸ். காலாண்டுக்கு ஒரு மாதம் மட்டும் ஏஹ்ரெஃப்ஸ் அல்லது செம்ரஷ் பணம் கட்டி, போட்டியாளர் தகவலை எடுத்துவைத்துக்கொள்வது. மாதாமாதம் முதல் வாரம் ஸ்க்ரீமிங் ஃப்ராக் ஓட்டுவது. பல் மருத்துவமனைக்குத் தனி டூல் எதுவும் இல்லை, கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலைக் கவனித்தாலே போதும் என்று நினைக்கிறோம். பனியன் கம்பெனிக்கு ஜி.ஓ.டி.எஸ்., ஓகோ-டெக்ஸ் சான்றிதழ் பட்டியல்களில் பெயர் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறோம்.

மார்க்கெட்டிங் மேனேஜரிடம் எண்ணிக்கைக்குப் பதிலாக ‘எதற்காகக் கொடுத்தார்’ பத்தியைக் காட்டினேன். முகம் அவ்வளவு மலரவில்லை. ஆனால் 404 பட்டியலைக் காட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய சப்மெர்சிபிள் கேட்டலாக் பி.டி.எஃப்.புக்குப் பல டீலர்கள் இன்னும் லிங்க் வைத்திருக்கிறார்கள். எல்லாம் செத்த லிங்க். ‘இதை முதலில் பண்ணுங்கள், எண்ணிக்கையை அப்புறம் பேசலாம்’ என்றார். ஒப்பந்தத்தில் அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது, அது வேறு கதை.

இப்போது புதிய சிக்கல்: ரீடைரக்ட் போட சர்வர் அனுமதி வேண்டும். தளத்தை வடிவமைத்தவர் ஃபோனை எடுப்பதில்லை, கம்பெனியில் யாரிடமும் பாஸ்வேர்டு இல்லை.

---

பழங்கால_வெப்மாஸ்டர்

ஹோஸ்டிங் பில் யார் பெயரில் போகிறது என்று அக்கவுன்ட்ஸில் கேளுங்கள். கம்பெனி பெயரில் என்றால் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் நேரடியாகப் பேசி மீட்டுவிடலாம். வடிவமைத்தவர் பெயரில் என்றால், லிங்க் எல்லாம் அப்புறம், டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, என்று காலாவதி ஆகிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.